தாய்லாந்தில் யானைகளுக்குப் பணிவிடை செய்யப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டுப் பயணத்தில் சில நாள்களை ஒரு விலங்குகள் காப்பகத்தில் உழைத்துக் கழிக்க விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “யானையைத் தொட விடுவார்களா?” என்றுதான். தொட விடாத இடமாகப் பார்த்துப் போங்கள் என்று சொல்வேன். கேட்டவர் முகம் கொஞ்சம் வாடும். ஆனாலும் இதில்தான் நான் உறுதியாக இருக்கிறேன்.

நான் மேட்டுப்பாளையத்துக்காரி, தொடக்கப் பள்ளி ஆசிரியை. தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் கோயில் யானைகளுக்கு நலவாழ்வு முகாம் நடந்த ஆண்டுகளில், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். தோட்டத்துக்குள் யானை வந்துபோன சேதியும் எங்கள் பக்கத்தில் புதிதல்ல. ஆனாலும் கோடை விடுமுறையில் வட தாய்லாந்துக்குப் போய், சியாங் மாய் நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே மே டேங் பள்ளத்தாக்கில் உள்ள எலிஃபன்ட் நேச்சர் பார்க்கில் தங்கி வேலை செய்தபோதுதான், ஒரு யானையை ஒரு நாள் முழுக்கப் பராமரிப்பது எவ்வளவு பெரிய பாடு என்று முதுகெலும்பில் உணர்ந்தேன். அந்த இடத்தை வைத்தே வழிமுறைகளைச் சொல்கிறேன். மற்ற நாடுகளுக்கும் மற்ற விலங்குகளுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

போவதற்கு முன் அங்கே ஏன் அத்தனை வளர்ப்பு யானைகள் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாவிட்டால் நல்ல இடத்தையும் கெட்ட இடத்தையும் பிரித்துப் பார்க்கக் கண் வராது. 1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் பெய்த பெருமழையில், மரங்கள் வெட்டப்பட்டிருந்த மலைச்சரிவுகளிலிருந்து சேறும் கட்டைகளும் ஊர்களின் மீது சரிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். மக்கள் கொதித்துப்போனார்கள். 1989 ஜனவரியில் அரசு காடுகளில் வணிக மரவெட்டுக்குத் தடை விதித்தது. காட்டுக்கு நல்லதுதான். ஆனால் தேக்கு மரம் இழுத்துப் பிழைத்த யானைகளுக்கும் பாகன்களுக்கும் மறுநாள் முதல் வேலை இல்லை. பாங்காக் தெருக்களில் யானையை நடத்திக்கொண்டுபோய், வாழைப்பழமும் கரும்பும் வழிப்போக்கர்களிடம் விற்று, அதை யானைக்கே ஊட்டச் சொல்லிப் பிழைத்தார்கள். பிறகு சுற்றுலா வந்தது. சவாரி, கால்பந்து ஆட்டம், துதிக்கையால் ஓவியம் வரைவது என்று முகாம்கள் பெருகின. இன்று தாய்லாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வளர்ப்பு யானைகள் இருக்கின்றன. 1939ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவற்றை மாடு, குதிரை போன்ற வேலை விலங்குகளோடு சேர்த்து உரிமையாளரின் உடைமையாகவே வைத்திருக்கிறது.

சவாரிக்குப் பழக்கும் முறை கொடியது. அங்கே அதைப் பஜான் என்கிறார்கள். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, நகர முடியாத மரக்கூண்டில் கட்டிப்போட்டு, பசியாலும் அடியாலும் மனத்தை ஒடுக்குவார்கள். இதை வெளியுலகத்துக்குக் காட்டிப் பேசியவர்களில் முக்கியமானவர் லெக் என்று எல்லோரும் அழைக்கும் சைங்டுவான் சைலெர்ட். எலிஃபன்ட் நேச்சர் பார்க்கை நிறுவியவர் அவர்தான். 2005இல் டைம் இதழ் அவரை ஆசியாவின் நாயகர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. அவருடைய பூங்காவில் சவாரி கிடையாது, வித்தை கிடையாது. முன்பு பார்வையாளர்கள் ஆற்றில் யானைகளைக் குளிப்பாட்ட அனுமதி இருந்தது. பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். யானை தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும், தானே ஆற்றில் இறங்கும், நாம் தள்ளி நின்று பார்க்கலாம். நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இதுதான்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

பலகையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். சவாரிக்கு எதிர்ப்பு கிளம்பிய பின் எத்தனையோ முகாம்கள் அம்பாரியைக் கழற்றி வைத்துவிட்டு, ‘காப்பகம்’ என்றும் ‘அறநெறி முகாம்’ என்றும் பெயரை மாற்றிக்கொண்டன. அங்கே சவாரி இருக்காது. ஆனால் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று அதே யானையை ஆற்றுக்குள் இறக்கி, அதன் மேல் தண்ணீர் வாரி இறைத்துப் படம் எடுத்துக்கொள்ள வைப்பார்கள். நாளுக்கு இத்தனை முறை குளிக்க வேண்டும் என்று யானை கேட்கவில்லை. அந்நியர்கள் சூழ்ந்து நிற்கையில் அசையாமல் நிற்கும்படி அது முன்பே பழக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. 2025 ஜனவரியில் கோ யாவ் தீவில், யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருவர் அந்த யானை தாக்கி இறந்தார். விலங்குக்கும் மனிதருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை விலைக்கு விற்றால் அந்த அபாயத்தை இரண்டு பேரும் சுமக்க வேண்டியதாகிறது.

புலிகளின் கதை இன்னும் கொடியது. காஞ்சனபுரியில் புலிக் கோயில் என்று பெயர்பெற்ற மடம் ஒன்று இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தன்னார்வலர்கள் பலர் அங்கே நல்லெண்ணத்தோடுதான் குட்டிகளுக்குப் பால் புகட்டினார்கள். 2016இல் அதிகாரிகள் உள்ளே நுழைந்து 137 புலிகளை வெளியே கொண்டுவந்தபோது, உறைபெட்டியில் 40 இறந்த குட்டிகள் கிடந்தன. பால்புட்டி பிடித்த அந்தத் தன்னார்வலர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எப்போது போனாலும் கொஞ்சுவதற்குக் குட்டி இருக்கிறது என்றால், அங்கே குட்டிகளை ஈன வைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். தென்னாப்பிரிக்காவில் சிங்கக் குட்டிகளைக் கொஞ்ச அழைக்கும் பண்ணைகளுக்கும் இதே அளவுகோல்தான். அங்கே வளர்ந்த சிங்கங்களில் பலவற்றின் முடிவு, வேலிக்குள் விட்டுச் சுடும் வேட்டையில் நிகழ்கிறது.

ஆகவே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். ஒவ்வொரு விலங்கும் எங்கிருந்து வந்தது? இங்கே இனப்பெருக்கம் செய்கிறீர்களா? பார்வையாளர்கள் எவ்வளவு தொலைவில் நிற்பார்கள்? இரவில் யானைகள் எங்கே இருக்கும்? முழுநேர கால்நடை மருத்துவர் இருக்கிறாரா? சுற்றுலாப் பயணிகளே வராத மாதத்தில் தீவனச் செலவை எப்படிச் சமாளிப்பீர்கள்? கடைசிக் கேள்வியை நான் தவறாமல் கேட்கச் சொல்வேன். 2020இல் கொரோனாவால் சுற்றுலா நின்றபோது, தீவனம் வாங்க வழியில்லாத முகாம்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் தம் பாகன்களோடு மலைக் கிராமங்களுக்கு நடந்தே திரும்பின. நல்ல இடங்கள் இந்தக் கேள்விகளால் கோபப்படாது. விரிவாகப் பதில் எழுதும். பதிலுக்குப் பதில் அழகான படங்களை மட்டும் அனுப்புகிற இடத்தை விட்டுவிடுங்கள்.

காப்பகங்களைத் தரம் பார்த்துச் சான்றளிக்கும் உலகளாவிய கூட்டமைப்பு ஒன்று (குளோபல் ஃபெடரேஷன் ஆஃப் அனிமல் சாங்ச்சுவரீஸ்) 2007 முதல் இயங்குகிறது. அதன் பட்டியலில் இடம் இருக்கிறதா என்றும் தேடலாம். பட்டியலில் இல்லாததாலேயே ஓர் இடம் மோசமாகிவிடாது. இருந்தால் உங்கள் வேலை பாதி குறையும்.

யானையைத் தவிர வேறு விலங்குகளும் உண்டு. பெட்சபுரியில் 2001 முதல் இயங்கும் வைல்ட்லைஃப் ஃபிரண்ட்ஸ் ஃபவுண்டேஷன், கரடிகளையும் குரங்குகளையும் யானைகளையும் மீட்டுப் பராமரிக்கிறது. புக்கெட் தீவில் 1992இல் தொடங்கிய கிப்பன் மறுவாழ்வுத் திட்டத்தில், வாலில்லாக் குரங்குகளான கிப்பன்களை மீண்டும் காட்டில் விடுவதே நோக்கம். மனிதரைப் பார்த்தால் அவை விலகி ஓட வேண்டும் என்பதால், அங்கே வேலை செய்கிறவர்கள் அவற்றோடு பழகவே கூடாது. கூண்டைக் கழுவி, பழம் நறுக்கி, குறிப்பு எழுதிவிட்டு வர வேண்டியதுதான். அப்படி ஒரு வேலைக்கு மனமுவந்து போகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆவணங்கள்

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். 2024 ஜூலையில் தாய்லாந்து இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு அளித்தது. இத்தகைய விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் அன்றைய நிலையைப் பாருங்கள். 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பலாம், கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது வேலை அனுமதி. தாய்லாந்தில் அனுமதியில்லாமல் வெளிநாட்டவர் வேலை செய்ய முடியாது. சம்பளம் வாங்கவில்லை என்பதாலேயே தன்னார்வப் பணிக்கு விலக்கு கிடைத்துவிடாது. “உங்கள் ஒரு வாரத் திட்டத்துக்கு எந்த விசாவில் வர வேண்டும்?” என்று காப்பகத்திடமே எழுத்தில் கேட்டு, பதிலை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் தங்குவதாக இருந்தால் தன்னார்வலர்களுக்கான தனி விசாவும் வேலை அனுமதியும் தேவைப்படலாம். அதற்கான கடிதங்களைக் காப்பகம்தான் தர வேண்டும். “அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்” என்று பதில் வந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள்.

பயணக் காப்பீட்டில் விலங்குகளோடு வேலை செய்யும்போது ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு உண்டா என்று விதிகளை முழுக்கப் படியுங்கள். பல திட்டங்களில் இல்லை.

ஊசிகளும் ஒரு பரிசோதனையும்

வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஊசி உண்டு. எலிஃபன்ட் நேச்சர் பார்க்கில் யானைகள் மட்டுமல்ல, நூற்றுக்கணக்கான நாய்களும் இருக்கின்றன. 2011இல் பாங்காக் வெள்ளத்தில் மூழ்கியபோது மீட்ட நாய்களைப் பராமரிக்கத் தொடங்கி, அந்தப் பிரிவு பெருகிவிட்டது. உலக சுகாதார அமைப்பு இந்த முன்தடுப்புக்கு இரண்டு ஊசிகளை, ஒரு வார இடைவெளியில் பரிந்துரைக்கிறது. முன்பே போட்டிருந்தாலும் கடி பட்டால் மறுபடி ஊசி போட்டே ஆக வேண்டும். ஆனால் விலை கூடிய, சிற்றூர்களில் எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து தேவைப்படாது. ரண ஜன்னி ஊசியும் நடப்பில் இருக்கட்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னதாக மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. காசநோய் மனிதரிடமிருந்து யானைக்குத் தொற்றும். யானைக்கு அந்த நோய் வந்தால் மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும், கூட்டத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டும். நம் நாட்டில் காசநோய் பரவலாக இருப்பதால் நமக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொண்டு, இல்லை என்று உறுதியான பிறகு போங்கள். நாம் தங்க இடம் தேடிப் போவது வயதான, ஏற்கெனவே துன்பப்பட்ட உயிர்களின் வீட்டில்.

பெட்டியில் வைப்பது

முழுக்கை பருத்திச் சட்டைகள், பழைய பேன்ட், தொப்பி, கையுறை, கொசு விரட்டி, டார்ச். ரப்பர் பூட்ஸ் சியாங் மாய் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், இங்கிருந்து சுமக்க வேண்டாம். வாசனைத் திரவியம் வேண்டாம். உணவைப் பற்றிச் சைவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தப் பூங்காவின் சமையலறையே சைவச் சமையலறைதான். மற்ற இடங்களுக்குப் போகிறவர்கள் மீன் சாறும் இறால் விழுதும் வேண்டாம் என்று முன்பே எழுதிவிடுங்கள்.

போய்ச் சேர்வது எளிது. சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் மூன்றரை மணி நேரம். அங்கிருந்து சியாங் மாய்க்கு இரவு ரயிலில் படுக்கை வசதி இருக்கிறது. கிருங் தேப் அபிவட் நிலையத்தில் ஏறினால் காலையில் மலைகளைப் பார்த்துக்கொண்டே இறங்கலாம். தனியாகப் போகிற பெண்களுக்கு நான் அந்த ரயிலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நகரிலிருந்து பூங்காவுக்கு அவர்களுடைய வேனே அழைத்துப்போகும்.

வேலை

இளைஞர்கள் நினைப்பதைவிட இது கடினமான உடலுழைப்பு. வளர்ந்த யானை நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தின்னும். மூன்று டன் எடையுள்ள ஒரு பிடிக்கு, அதாவது பெண் யானைக்கு, முந்நூறு கிலோ வரை தீவனம் வேண்டும். தின்றதில் பாதிகூட யானைக்குச் செரிக்காது. மீதியெல்லாம் நீங்கள் அள்ள வேண்டிய லத்தி. காலையில் கொட்டகைக்குள் நுழைந்தவுடன் செய்வது அதுதான். மண்வெட்டியால் ஒதுக்கி, கூடையில் வாரி, தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்ட வேண்டும். நாற்றம் அடிக்கும் என்று பயப்படாதீர்கள். நார் நாராக, ஈர வைக்கோல் வாசனைதான் இருக்கும். இரண்டாம் நாளில் அதைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். நார் நீளமாக, மெல்லப்படாமல் வந்தால் அந்த யானையின் பற்கள் தேய்ந்துவிட்டன. தண்ணீராகப் போனால் வயிறு சரியில்லை. உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரு கூடை லத்தியில் இத்தனை சேதி இருக்கிறது.

வயல் வேலைக்கு அழைத்தால் மக்காச்சோளத் தட்டு அறுக்க வேண்டும். எங்கள் கொங்குப் பக்கத்தில் மாட்டுக்கு அறுப்பதைப் போலத்தான். பன்னரிவாள் பிடித்துப் பழகியவர்களுக்குக் கை தானாக வரும். பழகாதவர்கள் முதல் நாளே வேகம் காட்ட வேண்டாம். சோளத் தோகை கையை அறுத்துவிடும் என்பதால்தான் முழுக்கைச் சட்டை. லாரி வந்தால் வரிசையாக நின்று பூசணியையும் தர்பூசணியையும் கைமாற்றி இறக்குவார்கள். பழங்களை நன்றாகக் கழுவிய பிறகே யானைக்குக் கொடுப்பார்கள், தோலில் பூச்சிமருந்து இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பழம் நறுக்கும் மேடை. யானைக்கு ஆயுளில் ஆறு முறைதான் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். ஒன்று தேயத் தேய அடுத்தது பின்னாலிருந்து முன்னுக்கு நகர்ந்து வரும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் புல்லை அரைக்க முடியாது. காட்டில் என்றால் அதோடு முடிவுதான். இங்கே அப்படிப்பட்ட கிழ யானைகளுக்குச் சோறு வடித்து, கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, வேகவைத்த பூசணியைச் சேர்த்து, தேங்காய் அளவுக்கு உருண்டை பிடிக்கிறார்கள். முழங்கை வரை சோறும் பழமும் ஒட்டியிருக்கும். உருண்டை உடையாமல் இருக்க எவ்வளவு அழுத்த வேண்டும், எவ்வளவு அழுத்தினால் களியாகிவிடும் என்பதை அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர் பேச்சே இல்லாமல் என் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக் காட்டினார். தர்பூசணியின் தோலைச் சீவி எடுத்துவிட வேண்டிய யானைகள் எவை, தோலோடு தின்னக்கூடியவை எவை என்று ஒவ்வொரு கூடையிலும் பெயர் இருக்கும். பெயரை மாற்றிப் போட்டால் பல்லில்லாத யானைக்குத் தோலுள்ள பழம் போய்விடும். தட்டு அறுப்பதைவிட இந்த மேடையில்தான் கவனம் அதிகம் வேண்டும்.

நீங்கள் உருட்டிய உருண்டையை யானை தின்பதைப் பெரும்பாலும் தள்ளி நின்றுதான் பார்ப்பீர்கள். அந்தப் பூங்காவில் ஜோக்கியா என்ற பிடியின் வரலாற்றை எல்லோரும் சொல்வார்கள். மரம் இழுத்துக்கொண்டிருந்தபோது அதன் கன்று இறந்தது. துயரத்தில் வேலை செய்ய மறுத்த அதன் இரண்டு கண்களையும் குருடாக்கினார்கள். பூங்காவுக்கு வந்த பின் மே பெர்ம் என்ற முதிய பிடி அதன் பக்கத்தை விட்டு அகலாமல், துதிக்கையால் தொட்டு வழிகாட்டியே பல ஆண்டுகள் வாழ்ந்தது. அவ்வளவு பட்ட ஓர் உயிர் மனிதக் கையை விரும்ப வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

யானை பக்கத்தில் வரும்போது

பாகன் சொல்லாமல் ஓரடியும் முன்னால் வைக்காதீர்கள். காதை மெல்ல விசிறிக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் யானை நிம்மதியாக இருக்கிறது. காதுகள் விரிந்து அப்படியே நின்றுவிட்டால், வால் விறைத்தால், அது எதையோ கவனிக்கிறது. அப்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பாகனைப் பாருங்கள். பின்புறமாகப் போகக் கூடாது. சட்டைப்பையில் பழம் வைத்திருக்கக் கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில், நட்பாகிவிட்ட இரண்டு பிடிகளுக்கு நடுவில் ஒருபோதும் நுழையாதீர்கள். மதம் பிடிக்கும் காலத்தில் ஆண் யானைகளைத் தனி வேலிக்குள் வைத்திருப்பார்கள், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பார்வையற்ற யானை இருக்கும் இடத்தில் திடீரென்று சத்தம் எழுப்பாதீர்கள்.

இரவில் யானைகளைக் கொட்டகைக்குள் அடைப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். சுற்றிலும் விவசாயிகளின் வயல்கள் இருக்கின்றன. அவிழ்த்துவிட்டால் சோளக்காட்டுக்குள் போகும், அங்கே என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகை இருப்பதை வைத்து இடத்தை எடை போடாதீர்கள். அது எவ்வளவு விசாலம், தரை மண்ணா சிமென்டா, பகலில் எத்தனை மணி நேரம் வெளியே விடுகிறார்கள் என்று பாருங்கள்.

பாகன்களை மதியுங்கள். வட தாய்லாந்தில் பலர் கரென் போன்ற மலைவாழ் இனத்தவர். பிற நாட்டவர் சிலர் அவர்களை ஏவலாள்களாக மட்டும் நடத்துவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வரும். யானையின் ஒவ்வொரு அசைவும் அவர்களுக்குத்தான் தெரியும். கைகூப்பி வணங்கினால் அவர்களும் கைகூப்புவார்கள், அந்த வழக்கம் நமக்குப் பழகியதுதான். படம் எடுக்கும் முன் கேளுங்கள். நம் ஊரில் முதுமலை தெப்பக்காடு முகாமில் பாகனும் அவருடைய உதவியாளரான காவடியும் செய்வதைச் சொல்லி, அலைபேசியில் படம் காட்டினேன். மொழி தெரியாமலே ஒரு மாலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம்.

பணம்

உழைக்கவும் போகிறோம், பணமும் கட்ட வேண்டுமா என்று பலர் தயங்குகிறார்கள். கட்டத்தான் வேண்டும். வாரத்துக்குப் பல ஆயிரம் பாட் (தாய்லாந்து நாணயம்) ஆகும். தங்குமிடம், மூன்று வேளை உணவு, நகரிலிருந்து வேன் எல்லாம் அதில் சேரும். மீதி தீவனத்துக்கும் மருந்துக்கும் போகிறது. ஒரு வாரம் வந்துபோகிற நம் கைகளால் கிடைப்பதைவிட, அந்தப் பணத்தால் யானைகளுக்குக் கிடைக்கும் உதவி பெரிது. இதை மனதார ஏற்றுக்கொண்டு போனால் அங்கே எந்த வேலையும் சிறியதாகத் தோன்றாது. கட்டணத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகப் போனால் அதில் ஒரு பங்கு யானையைச் சென்றடையாது. நேரடியாகக் காப்பகத்தின் தளத்திலேயே பதிவு செய்யுங்கள். வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு நம் வருமான வரியில் 80ஜி சலுகை கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரே பயணத்தில் மூன்று காப்பகங்களைத் தொட்டுவிட்டு வர வேண்டும் என்று திட்டம் போடாதீர்கள். வேலை கற்றுக்கொடுக்கவே அவர்களுக்கு முதல் நாள் போய்விடும். இரண்டாம் வாரத்தில்தான் நீங்கள் உண்மையிலேயே உதவியாக இருப்பீர்கள்.

எப்போது போவது

நவம்பர் முதல் ஜனவரி வரை குளிர், வானிலை இதமாக இருக்கும், கூட்டமும் அப்போதுதான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களையும் காட்டுச் சருகுகளையும் எரிப்பதால் சியாங் மாய் முழுவதும் புகை மூடிக்கிடக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்தே ஆக வேண்டும். ஜூன் முதல் மழைக்காலம். செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஆறுகள் பெருகும். 2024 அக்டோபரில் மே டேங் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து பூங்கா மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளை மேட்டுக்கு ஏற்ற ஊழியர்கள் இரவும் பகலும் போராடினார்கள். அப்படியும் யானைகள் சில அடித்துச்செல்லப்பட்டு இறந்தன, அவற்றில் ஒன்று பார்வையற்றது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் வகுப்பில் என்னால் பாடம் நடத்த முடியவில்லை. மழைக்காலத்தில் போவதாக இருந்தால், வெள்ளம் வந்தால் என்ன ஏற்பாடு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான். வெயில் கடுமைதான், ஆனால் முதல் மழை விழுந்து புகை அடங்கியிருக்கும். பயணிகள் குறைவாக வரும் காலம் என்பதால் கைகளுக்குத் தேவை அதிகம். என்னைப் போல மே மாதத்துக்குத் திட்டமிடுகிற ஆசிரியர்கள் பொங்கல் விடுமுறையிலேயே காப்பகத்துக்கு எழுதிவிடுங்கள். ஊசிகளுக்கும் பரிசோதனைக்கும் தூதரகத்திடம் கேட்க வேண்டியவற்றுக்கும் அப்போதுதான் நேரம் போதும். விண்ணப்பத்தில் வயது, உடல்நிலை, முதுகுவலி, மூட்டுவலி எதையும் மறைக்காமல் எழுதுங்கள். தட்டு அறுக்க முடியாதவர்களைப் பழம் நறுக்கும் மேடைக்கு அனுப்புவார்கள்.